இரண்டு டேர்போவும் ஒரு ராகுகாலமும்

போன திங்கட்கிழமை நான் இரட்டை டேர்போ பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓடினேன்.

முதல் ஒரு மணித்தியாலத்தில் அது போன தூரம் – நீர்வேலியில் ஒரு வீட்டுப் படலையிலிருந்து அதே நீர்வேலியில் ஒரு பிள்ளையார் கோயிலடி வரை. நடந்து போயிருந்தால் வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் போயிருக்கலாம்.

சிரிக்காதீர்கள். வேகத்தைப் பற்றியும் எழுதுவேன். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாங்களும் பொறுத்தோம்.

காரின் சொந்தக்காரன் குகன். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறான். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. காலையில் வாழைக்கு மண் அணைப்பான். பின்னேரம் காருக்குக் கீழே படுப்பான். ஜப்பானில் பிறந்து, கொழும்பில் சீரழிந்து, யாரோ ஒருவருடைய கொட்டிலில் கோழி அடைகாக்கிற நிலையில் அவனிடம் வந்து சேர்ந்த கார் அது. ஆறு சிலிண்டர். இரண்டு கதவு. பின்னால் இரண்டு பேர் இருக்கலாம் என்று காரோடு வந்த புத்தகம் சொல்கிறது. புத்தகம் எழுதியவர் அங்கே இருந்து பார்க்கவில்லை.

அந்தக் கார்தான் கலியாணக் கார். குகன்தான் மாப்பிள்ளை. நான் சாரதி.

என்னை ஏன் கூப்பிட்டார்கள்? தலைப்பா வைத்த மாப்பிள்ளை கியர் மாற்றுவது எங்கள் சம்பிரதாயத்தில் இல்லை. காரை வேறு யாரிடமும் கொடுக்க அவனுக்கு மனமும் இல்லை. நான் ஓடாத வாகனம் குறைவு என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்தது. நான் வேறு பக்கமாக இடம்பெயர்ந்தேன். அதற்குப் பிறகு நானும் பள்ளிக்கூடமும் சந்திக்கவில்லை. லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம், லொறி, பாலைவனத்தில் தண்ணீர் ஏற்றும் பவுசர் என்று கையில் கிடைத்ததை ஓடினேன். சோறு ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்திலும் ஓடினேன். யுத்தத் தடையால் பெட்ரோல் வராத காலம். ஸ்டார்ட் எடுக்க மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பெட்ரோல் இருக்கும். சில சொட்டுத்தான். என்ஜின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். நிற்பாட்டினால் மறுபடி அந்தச் சொட்டுகள் வேண்டும். ஆகவே நிற்பாட்ட மாட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் ஆளை இறக்கி உள்ளே கொண்டுபோவார்கள். வெளியே கார் ஓடியபடி நிற்கும். சிலர் திரும்பி வந்தார்கள். வராதவர்களுக்கும் ஓடியபடிதான் நின்றது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் – என்ஜினை நிற்பாட்டாதே என்று ஒருவர் சொன்னால் நான் சிரிக்கிற ஆள் இல்லை.

குகனுக்கு முன்பு இரண்டு சம்பந்தம் பேசி இரண்டும் குழம்பியது. சாதகத்தால் அல்ல. வாகனத்தால்.

முதல் தடவை நிச்சயதார்த்தத்துக்குப் போன வான் உரும்பிராயில் என்ஜின் இறுகி நின்றது. நல்ல நேரம் தெருவோரத்தில் கழிந்தது. "வழியிலை நிண்ட சம்பந்தம்" என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தடவை வாடகைக் கார். பெண்வீட்டுப் படலைக்கு நேரே நின்றது. நின்றது என்றால், பிறகு ஸ்டார்ட் வரவே இல்லை. பெண்வீட்டார் மரியாதையான மனிதர்கள். கூட வந்து தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாவதாக வந்தவள் சுபா. தபாற்கந்தோரில் வேலை. அவளுக்கும் சில இடங்கள் பேசிப் பேசி ஓய்ந்திருந்தது. பெண்பார்க்கப் போன அன்று இருவரையும் கொஞ்ச நேரம் தனியே கதைக்க விட்டார்கள். வெளியே வந்த குகன் என் காதுக்குள் சொன்னான்:

"அண்ணை, கார் எத்தினை சிலிண்டர் எண்டு கேட்டவ."

முடிந்தது. விழுந்துவிட்டான், இவன் இனி எழும்ப மாட்டான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அவனுடைய அம்மா இந்த முறை ஒரு நிபந்தனைதான் வைத்தார். கலியாணத்துக்குப் போகிற வழியில் என்ஜின் நிற்கக் கூடாது. நின்றால் இது மூன்றாவது. மூன்றாவதும் நின்றால் அவர் இனி யாரிடமும் பெண் கேட்டுப் போக மாட்டார். குகனும் இனிப் போ என்று கேட்க மாட்டான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் என்னிடம் தனித்தனியே சொன்னது இது.

இந்த நேரத்தில்தான் அவன் டேர்போ பூட்டினான்.

இவனுக்கென்ன விசரா, பைத்தியமா என்று கேட்கலாம். டேர்போ கிட் பெட்டிகள் வீட்டில் வந்து கிடந்து கனகாலம். கலியாணத்துக்குப் பிறகு அவற்றைத் திறக்க விடமாட்டார்கள் என்று யாரோ கலியாணம் முடித்தவர்கள் அவனைப் பயப்படுத்திவிட்டார்கள். அச்சுவேலியில் தேவனின் கராஜில் வேலை நடந்தது. ஒரு பின்னேரம் அம்மா பார்க்க வந்தார். கூடவே அவருடைய அண்ணர் கந்தையா. ஊருக்கே அவர் மாமா. பஞ்சாங்கம் சேர்ட் பொக்கெற்றில் இருக்கும்.

"உது என்ன தம்பி புதிசாய்ப் பூட்டுறாய்?" என்று அம்மா கேட்டார்.

தேவன் காருக்குக் கீழே இருந்து வெளியே வந்தான்.

"டேர்போ அம்மா. என்ஜின் விடுற மூச்சு சும்மா புகையாய்ப் போகுதெல்லே? அந்த மூச்சிலை ஒரு காத்தாடி சுத்தும். அது வெளிக்காத்தைப் பிடிச்சு என்ஜினுக்குள்ளை அமத்தி ஏத்தும். காத்துக் கூடினால் பலமும் கூடும். உதிலை ரெண்டு இருக்கு. இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு."

"ரெண்டோ?"

"ஓம் அம்மா."

"அப்ப ஒண்டு நிண்டாலும் மற்றது ஓடும், என்ன?"

தேவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். காலையிலிருந்து தலைகீழாகக் கிடந்த மனிதன். கையெல்லாம் கிறீஸ். ஒரு நாளில் எத்தனை விளக்கம்தான் சொல்ல முடியும்?

"ஓம் அம்மா," என்றான்.

அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்த பிறகு திருத்துவதற்கு எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு தேவன் எனக்கு ஒரு அறிவுரை சொன்னான். "அண்ணை, நல்லா மிதிச்சு ஓடிக்கொண்டு வந்திட்டு உடனை நிப்பாட்டாதையுங்கோ. கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டிட்டு நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி டேர்போ சூட்டிலை இறுகிப் போகும்."

பக்கத்தில் நின்ற மாமா இதைக் கேட்டார். அவர் காதில் ஏறியது ஒரேயொரு சொல் மட்டும் – "நிப்பாட்டாதையுங்கோ."

அன்றைக்கே குகனோடு வல்லைவெளிக்குப் போய் ஓடிப் பார்த்தேன். வேகம் பற்றி எழுதுவேன் என்றேனே, இதோ.

மெதுவாகப் போகும்போது கார் மகா சாது. கிளட்ச் மட்டும் நெல்லுச் சாக்கைக் காலால் தள்ளுகிற மாதிரி. மிதித்தால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. பூட்டியது வீண்தானா என்று யோசிக்கிறோம்... அப்போது பொனெட்டுக்குள் ஒரு விசில். தண்ணீர்க் கேத்தில் கொதிக்கப் போகிற சத்தம். அதற்குப் பிறகு யாரோ உங்களை சீட்டோடு சேர்த்துத் தூக்கி எறிகிறார்கள். வல்லையின் வெட்டைவெளி இரண்டு பக்கமும் கோடாகிவிட்டது. இப்படி ஒரு தள்ளு எனக்கு முன்பு ஒருமுறைதான் கிடைத்திருக்கிறது. ஷெல் விழுந்தபோது. அன்றைக்கு சைக்கிளில் இருந்தேன். இதில் பெல்ட் இருக்கிறது.

காலை எடுத்தால் "புஸ்ஸ்" என்று பெருமூச்சு விடுகிறது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தன. பிரேக் பழைய பிரேக்தான். அதற்கு யாரும் டேர்போ பூட்டுவதில்லை.

சுருக்கமாகச் சொன்னால் – தொடங்குவதற்கு முன் நெடுநேரம் யோசிக்கிற கார். தொடங்கிய பிறகு யோசிப்பதே இல்லை. எங்கள் ஆட்களோடு பழகியவர்களுக்கு இதை ஓடுவது கஷ்டமாக இராது.

திங்கட்கிழமைக்கு வருவோம்.

மருதனார்மடத்தில் மண்டபம். ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை. முகூர்த்தம் ஒன்பதரைக்குப் பிறகு. ராகுகாலத்தில் புறப்படவும் கூடாது, மண்டபத்தில் போய் இறங்கவும் கூடாது. மாமா கணக்குப் போட்டார். ஏழரைக்கு முன் படலையைத் தாண்டுவது. வழியில் பிள்ளையார் கோயிலடியில் தங்குவது. ஒன்பதுக்குப் பிறகு அங்கிருந்து போவது. நல்ல ஏற்பாடு. எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் போகிறார்கள்.

சோடனைக்காரர் வெள்ளெனவே வந்து, செவ்வந்தியும் மல்லிகையும் கட்டிய ஒரு பெரிய மாலையைக் காரின் முன்பக்கத்துக்குக் குறுக்காகப் போட்டார். மெத்தை மாதிரி இருந்தது.

"தம்பி, முன்பக்கத்தை மூடாதையுங்கோ. காத்துப் போற இடம்," என்றேன்.

"அண்ணை, முன்பக்கம்தானே வீடியோவிலை வாறது?"

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மாலைக்கு மேல் மின்னுகிற பல்ப் மாலை வேறு. காலை ஏழு மணி வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்று காரின் பற்றரிக்கு மட்டும்தான் தெரியும்.

மாப்பிள்ளைத் தோழனாக சுபாவின் தம்பி நிரூபன் வந்திருந்தார். நோர்வேயில் இருக்கிறவர். ஆறடிக்கு மேல். பட்டுவேட்டியோடு அவரைப் பின் சீட்டில் மடித்து வைத்தோம். முழங்கால் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. குகன் முன்னால், தலைப்பா கூரையில் இடிக்காதபடி சீட்டைச் சரித்துப் படுத்திருந்தான். அம்மாவும் மாமாவும் சொந்தக்காரரும் பின்னால் வானில்.

புறப்பட்டோம். பிள்ளையார் கோயிலடியில் ஒதுக்கினேன். என்ஜினை நிற்பாட்டத் திறப்பில் கை வைத்தேன்.

"தொடாதை!"

மாமா வானிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் கண்டதில்லை.

"மாமா, ஒன்பது மணி வரைக்கும் நிக்கப் போறம். சும்மா ஏன் –"

"நல்ல நேரத்திலை எடுத்த என்ஜின். வழியிலை நிண்டால் போச்சு. முதல் ரெண்டும் என்னண்டு போனது எண்டு தெரியுமெல்லே?"

"இப்பவும் கார் நிண்டுகொண்டுதானே மாமா இருக்கு?"

"சில்லு நிக்கலாம். என்ஜின் நிக்கக் கூடாது. உங்கடை மெக்கானிக்கும் அதுதானே சொன்னவன்!"

சாத்திரமும் மெக்கானிக்கும் ஒரே பக்கம் நின்றால் யாழ்ப்பாணத்தில் அதற்கு மேல் அப்பீல் இல்லை. நான் கையை எடுத்தேன்.

ஓடாமல் நிற்கிற காருக்குக் காற்றில்லை. முன்னால் மாலை மெத்தை. உள்ளே இரண்டு டேர்போ. மேலே சூரியன். சூடு காட்டுகிற ஊசி மெல்ல எழும்பத் தொடங்கியது. குகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இறங்கி, சோடனையை மட்டுமாவது கழற்றவா என்று மாமாவிடம் கேட்டேன். "போற வழியிலை மாலை கழட்டுறதோ?" என்று திருப்பிக் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் நான் மீண்டும் ஏறிக் குந்திக்கொண்டேன்.

பழைய சாரதிகளுக்கு ஒரு வழி தெரியும். ஏசியை நிற்பாட்டி ஹீட்டரைப் போடுவது. என்ஜினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இருக்கிற மனிதர்களுக்கு வந்துவிடும். என்ஜினுக்கு அது ஆறுதல். போட்டேன். குகனின் நெற்றிச் சந்தனம் மூக்கு வழியாக இறங்கியது.

"அண்ணை, நோர்வேயிலை பனி கொட்டேக்கை கூட நான் இப்பிடி ஹீட்டர் போட்டதில்லை," என்றார் பின்னாலிருந்து நிரூபன்.

"தம்பி, கலியாணம் எண்டால் கொஞ்சம் சூடுதான்."

"கலியாணம் எனக்கில்லையே அண்ணை!"

ஊசி நிற்கவில்லை. நான் குகனிடம் மெதுவாகச் சொன்னேன். "சிவப்பிலை முட்டினால் என்ஜின் போச்சு. பிறகு ஒன்பது மணி வந்தும் புண்ணியமில்லை. இப்ப நிப்பாட்டினால் போகலாம்."

அவன் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் வானில் அம்மா தெரிந்தார். கண்ணை மூடி, வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னண்டு அண்ணை நிப்பாட்டுறது?" என்றான்.

வானுக்கு மாறலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அது உரும்பிராயில் நின்ற அதே வான்.

அப்போது போன் அடித்தது. சுபா. தலைப்பா காதை மூடியிருந்ததால் குகன் ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்கை நிக்கிறியள்?"

"பிள்ளையார் கோயிலடியிலை."

"உது என்ன இரைச்சல்?"

"ஃபான். என்ஜின் சூடேறுது. மாமா நிப்பாட்ட விடுறாரில்லை."

"எவ்வளவு சூடு?"

"சிவப்புக்கு இன்னும் ஒரு விரல் இருக்கு."

"அக்கா, எனக்கும் ஒரு விரல்தான் இருக்கு," என்றார் நிரூபன்.

"நீ சத்தம் போடாமல் இரு. மாமாட்டைக் குடுங்கோ போனை."

ஜன்னலுக்கு வெளியே நின்ற மாமாவிடம் போனை நீட்டினோம்.

"மாமா, நான் சுபா."

"ஓம் பிள்ளை, சொல்லு."

"மாமா, கார் நிண்டால் நிக்கட்டும். கழுத்தை நீட்டப் போறது காருக்கில்லையே? அவர் நிக்காமல் வந்து சேர்ந்தால் எனக்குக் காணும்."

மாமா வாழைத்தோட்டத்தைப் பார்த்தார். பொக்கெற்றில் பஞ்சாங்கத்தைத் தடவினார். எடுக்கவில்லை.

"அதுவும் சரிதான்," என்றார். "பயணம் போறது மாப்பிள்ளையெல்லே. கார் இல்லையே." பிறகு குனிந்து குகனைப் பார்த்தார். "தம்பி, இறங்கு. நட."

"எங்கை மாமா?"

"எங்கையெண்டாலும் நட. கோயிலைச் சுத்து. ஆனால் நிக்கப்படாது. நீ நடக்குமட்டும் பயணம் நிக்கேல்லை. உவர் என்ஜினை நிப்பாட்டட்டும்."

ஏறின வாகனத்தால் இடையில் இறங்கலாமா என்று நான் கேட்கவில்லை. கதவு திறக்கும்போது அதைத் தாங்குகிற பிணைச்சலைப் பற்றிக் கேட்கக் கூடாது. குகன் இறங்கி முதல் அடி வைத்த பிறகே மாமா எனக்குக் கை காட்டினார். திறப்பைத் திருப்பினேன். ஊசிக்கும் சிவப்புக்கும் இடையில் நூல் போக இடமிருந்தது.

அம்மா வானிலிருந்து பதறி இறங்கி வந்தார்.

"தம்பி, நிண்டிட்டுதோ? மற்றதும் நிண்டிட்டுதோ?"

நான் கோயில் பக்கம் கையைக் காட்டினேன். குகன் தலைப்பாவும் மாலையுமாக நடந்துகொண்டிருந்தான். "மற்றது நடக்குது அம்மா."

அவர் பார்த்தார். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையைத் தோழன் தனியே விடக் கூடாது. ஆகவே நிரூபனும் நடந்தார். வெறுங்கால். சுடுமணல். நோர்வேயில் மலையெல்லாம் ஏறுகிறவராம். இரண்டாவது சுற்றில் நொண்டத் தொடங்கினார்.

பக்கத்துத் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி, நேத்திக்கடனோ?"

"ஓம் அண்ணை," என்றான் குகன், நிற்காமல்.

"கலியாணம் முடிஞ்சாப் பிறகெல்லோ நேத்தி செய்யிறது?"

"இது முதல் செய்யிறது அண்ணை."

அந்த மனிதர் நல்லவர். மேலே ஒன்றும் கேட்காமல் பைப்பை இந்தப் பக்கம் இழுத்துத் தந்தார். காரின் பூமாலையை மட்டும் கழற்றிப் பிள்ளையாருக்குப் போட்டேன். மாமாவும் கும்பிட்டுக்கொண்டார். வீடியோக்காரர் அழாத குறை. ரேடியேட்டருக்கு வெளியால் தண்ணீர் அடித்தேன். ஆவி எழும்பியது. இரண்டு டேர்போ, ஆறு சிலிண்டர், ஒரு வாழைத்தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு.

ஒன்பது தாண்டியது. மாமா தலையசைத்தார். குகனும் நிரூபனும் ஏறினார்கள். திறப்பைத் திருப்பினேன்.

"டிக்."

மறுபடி. "டிக்."

என்ஜின் நின்ற பிறகும் ஓடிய ஃபானும் பல்ப் மாலையும் சேர்ந்து பற்றரியைக் குடித்து முடித்திருந்தன.

"இறங்கு! நட!" என்று கத்தினார் மாமா.

குகன் பாய்ந்து இறங்கினான். நிரூபன் பின்னாலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். வானில் இருந்தவர்கள், தோட்டக்காரர், வீடியோக்காரர் எல்லோரும் காருக்குப் பின்னால் கூடினார்கள்.

"மாப்பிள்ளை தள்ளக் கூடாது!"

"தள்ளேல்லை மாமா. நடக்கிறன். கை அதிலை இருக்கு."

இரண்டாம் கியர். கிளட்சை அமத்திப் பிடித்தேன். இந்த வேலைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. கார் உருண்டது. விட்டேன். ஒரு குலுக்கல்... இருமல்... பிடித்துக்கொண்டது!

"நிப்பாட்டாதை! நிப்பாட்டாதை!"

நிற்பாட்டவில்லை. குகன் கதவோடு ஓடி வந்து, தலைப்பாவை ஒரு கையால் பிடித்தபடி உள்ளே விழுந்தான். இரண்டு கதவுக் காரில் ஓட்டத்தில் பின் சீட்டுக்கு ஏற முடியாது. நிரூபன் தெருவில் நின்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அந்த வானில் ஏறி நான் பார்த்ததில்லை.

உரும்பிராய் தாண்டினோம். முன்னால் மரக்கறி ஏற்றிய லான்ட்மாஸ்டர். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தெரு நேராகத் திறந்தது. எதிரே ஒருவரும் இல்லை.

"அண்ணை, இப்ப மிதியுங்கோ," என்றான்.

மிதித்தேன். யோசித்தது. விசில் வந்தது. லான்ட்மாஸ்டர் பின்னால் போனது, கத்தரிக்காயோடு. அன்றைக்கு இரண்டு டேர்போவும் முழு மூச்சு எடுத்தது அந்த ஒரு தடவைதான். ஒரு நல்ல தும்மலின் நீளம். அவ்வளவுதான், வேகத்தடை வந்துவிட்டது. குகன் அதையும் காணவில்லை. தலைப்பா முன்னால் சரிந்து கண்ணை மூடிவிட்டது.

"எப்பிடி அண்ணை?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டான்.

"நல்லாயிருக்கு தம்பி."

மருதனார்மடச் சந்தியில் ஆஞ்சநேயர் இருக்கிற பக்கம் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். காற்றிலிருந்து பலம் எடுத்தவர்களில் அவர்தான் மூத்தவர்.

மண்டப வாசலை முன்கூட்டியே பிடித்துவிட்டோம். மேளகாரர் எழும்பினார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் வந்தார்கள். ஆனால் தோழன் இல்லாமல் மாப்பிள்ளை இறங்க முடியாது. தோழன் வானில். வான் எங்கேயோ லான்ட்மாஸ்டருக்குப் பின்னால். டேர்போ மிச்சம் பிடித்த நேரம் முழுவதையும் வாசலிலேயே செலவழித்தோம்.

குகன் தலைப்பாவைச் சரி செய்தான்.

"மாமா இல்லைத்தானே அண்ணை? கொஞ்சம் நிப்பம்," என்றான். பிறகு, "இண்டைக்கும் நிண்டிருந்தால் நான் இனி ஒருத்தியையும் கேட்டிருக்க மாட்டன்."

"அவ நடந்தெண்டாலும் வந்திருப்பா," என்றேன்.

அவன் சிரித்தான் போலிருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்தது.

வான் வந்தது. நின்றுவிடாமல்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். நிரூபன் நொண்டி நொண்டி வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கினார். மேளம் முழங்கியது. என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, நானும் பின்னால் போக இறங்கினேன். மாமா என் தோளைப் பிடித்தார்.

"நீ எங்கை போறாய்?"

"தாலி கட்டுறதைப் பாக்க."

"அவன் மணவறையிலை இருக்கப் போறான். அவன் நடக்காமல் இருந்தால் பயணம் நிண்டிடும். தாலி ஏறுமட்டும் நீ உந்தக் காரை ஓட விடு."

நான் அவரைப் பார்த்தேன். வேர்வையில் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தது. விட்டுக்கொடுக்கிறவருடைய முகம் அல்ல அது. இரண்டு தடவையும் மருமகனோடு நடந்து வீடு திரும்பியவரின் முகம். நான் திரும்பிப் போய் ஏறினேன்.

மண்டபத்துக்குப் பின்னால், சமையல் நடக்கிற பக்கம் வேப்பமர நிழல் இருந்தது. மாலை இல்லாத கார் நன்றாக மூச்சு விட்டது. ஊசி பாதியோடு படுத்துவிட்டது. சமையல்காரர் அகப்பையோடு எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, தாலி கட்டப் போறாங்கள். காரை நிப்பாட்டிப்போட்டு வாங்கோவன்."

"தாலி கட்டினாப் பிறகுதான் நிப்பாட்டலாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பருப்பு அடிப்பிடிக்கும் போலிருந்ததால் போய்விட்டார்.

இந்தக் காரைப் பற்றிய என் கடைசிக் குறிப்பு இது. சும்மா ஓடும்போது அது மிகவும் அமைதியானது. இரண்டு டேர்போவும் இருப்பதே தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஐயர் சொல்கிற மந்திரம் கூடக் கேட்கும். தொடங்குவதற்கு நல்ல நேரம் எங்கள் பஞ்சாங்கத்தில் நிறைய இருக்கிறது. நிற்பாட்டுவதற்கு நல்ல நேரம் யாரும் குறித்துத் தருவதில்லை. நாங்களாகத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

கெட்டிமேளம் கேட்டது. திறப்பைத் திருப்பினேன்.

பந்தியில் குகனின் அம்மா என் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இன்னும் கொஞ்சம் பாயாசம் ஊற்றச் சொன்னார். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"பாத்தியே தம்பி? ஒண்டு நிண்டாலும் மற்றது ஓடினதெல்லே."

நான் தேவன் சொன்னதையே சொன்னேன்.

"ஓம் அம்மா."